ப்ளூ கட் கண்ணாடிக்குப் பணம் கொடுக்கும் முன்... உங்கள் அறை லைட்டைக் கொஞ்சம் பாருங்கள்!

திருவண்ணாமலை செங்கம் சாலையில் ரமணாசிரம வாசலைத் தாண்டி நடந்தால், காவி வேட்டிக்கு இணையாக லேப்டாப் பைகளும் கண்ணில் படுகின்றன. 1922-ல் மலையடிவாரத்தில் ஆசிரமம் உருவானபோது சுற்றிலும் பெரிதாக எதுவும் கிடையாது. இன்று ரமண நகர் தெருக்களில் மாடிக்கு மாடி வாடகை அறைகள். காலையில் தியானம், மாலையில் மலையைச் சுற்றி ஒரு நடை, நடுவில் எட்டு மணி நேரம் ஸ்கிரீன் என்று வாழ்கிறவர்கள் இங்கே நிறையப் பேர். வெளிநாட்டினர் மட்டுமல்ல. சென்னை, பெங்களூரு கம்பெனி வேலையை இங்கிருந்தே பார்க்கும் இளைஞர்கள், ஆன்லைன் டியூஷன் எடுக்கும் டீச்சர்கள், டி.டி.பி வேலையை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்ட அக்காக்கள் எல்லோரும் இருக்கிறார்கள்.

ஊர் அமைதியாகத்தான் இருக்கிறது. கண்ணுக்குத்தான் அமைதி இல்லை. மாலை ஆறு மணி ஆனால் கண் எரிச்சல், மணல் விழுந்த மாதிரி உறுத்தல், நெற்றிப்பொட்டில் வலி, தூரத்தில் வரும் பஸ் போர்டு கொஞ்ச நேரம் மங்கலாகத் தெரிவது... இந்தப் பேச்சு டீக்கடையில்கூடக் காதில் விழுகிறது. கூடவே ஒரு தீர்வும் விழுகிறது. "ப்ளூ கட் கண்ணாடி போடுங்க, சரியாயிடும்."

சரியாகுமா?

இந்தக் கேள்விக்கு 2023 ஆகஸ்டில் ஒரு தெளிவான பதில் கிடைத்தது. மருத்துவ ஆய்வுகளை மொத்தமாகச் சேர்த்து அலசும் 'காக்ரேன்' அமைப்பு, நீல ஒளியை வடிகட்டும் கண்ணாடிகள் பற்றிய 17 பரிசோதனைகளை எடுத்துப் பார்த்தது. இந்த வேலையை முன்னின்று செய்தவர்கள் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் பல்கலைக்கழகக் குழுவினர். சாதாரணக் கண்ணாடியோடு ஒப்பிட்டால், கம்ப்யூட்டர் வேலையால் வரும் கண் சோர்வைக் குறுகிய காலத்தில் ப்ளூ கட் கண்ணாடி குறைப்பதாகத் தெரியவில்லை என்பது அவர்களின் முடிவு. அமெரிக்கக் கண் மருத்துவர்கள் சங்கமும் கம்ப்யூட்டர் வேலைக்காக இந்தக் கண்ணாடியைப் பரிந்துரைப்பதில்லை. ஸ்கிரீனிலிருந்து வரும் நீல ஒளி, வெயிலில் நாம் வாங்கிக்கொள்வதோடு ஒப்பிட்டால் மிகமிகக் குறைவு. இரவில் தூக்கம் தள்ளிப்போவது வேறு விஷயம், அதற்கு போனிலேயே 'நைட் மோட்' இருக்கிறது.

அப்படியென்றால் கண் ஏன் வலிக்கிறது?

கண்ணுக்கு இரண்டு வேலை

ஒன்று, ஃபோகஸ். பக்கத்தில் இருப்பதைப் பார்க்க, கண்ணுக்குள் இருக்கும் சிறு தசை ஒன்று இறுகி லென்ஸைக் குவிக்கிறது. 30 சென்டிமீட்டரில் போனைப் பார்க்கும்போது அந்தத் தசைக்கு வேலை, 60 சென்டிமீட்டரில் மானிட்டரைப் பார்ப்பதைப்போல இரண்டு மடங்கு. ஆறு மீட்டரைத் தாண்டிப் பார்த்தால் கிட்டத்தட்ட ஓய்வு.

இரண்டாவது, இமைப்பது. ஜப்பானைச் சேர்ந்த கஸுவோ சுபோட்டா, கட்சு நாகமோரி இருவரும் 1993-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் ஒரு சின்ன ஆய்வை வெளியிட்டார்கள். அலுவலக ஊழியர்கள் சும்மா இருக்கும்போது நிமிடத்துக்குச் சராசரியாக 22 முறை இமைத்தார்கள். புத்தகம் படிக்கும்போது 10 முறை. கம்ப்யூட்டர் திரை முன்னால் 7 முறை. ஒவ்வொரு இமைப்பும் கண்மேல் கண்ணீரை ஒரு பூச்சு பூசிவிட்டுப் போகிறது. பூச்சு காய்ந்தால் எரிச்சல்தான். திரை உயரமாக இருந்து நாம் நிமிர்ந்து பார்த்தால், இமை அகலமாகத் திறந்து இன்னும் வேகமாகக் காயும். நம்மூர் ஏப்ரல், மே மாதத்து அனல்காற்றும், முகத்துக்கு நேரே வைத்த டேபிள் ஃபேனும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

இந்த இரண்டு வேலையையும் கஷ்டமாக்குவது எது என்று தேடினால், பெரும்பாலும் அது கண்ணில் இருக்காது. அறையில் இருக்கும்.

ரமண நகரில் ஓர் அறை

அந்த அக்காவின் பெயரைப் போடவில்லை. அவரே வேண்டாம் என்றார். வயது 43. தமிழ்ப் புத்தகங்களுக்கு டைப்பிங், ப்ரூஃப் இரண்டும் பார்க்கிறார். பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி. சில மாதங்களாக மாலைக்குமேல் ஒரு பக்கம்கூட நகரவில்லை, எழுத்தெல்லாம் பூச்சி பறக்கிற மாதிரி இருக்கிறது என்றார். அவருடைய பயம் வேறு. அம்மாவுக்குச் சர்க்கரையால் பார்வை போயிருக்கிறது. தனக்கும் அது ஆரம்பித்துவிட்டதோ என்ற நினைப்பிலேயே டாக்டரிடம் போகாமல் தள்ளிப்போட்டுவிட்டு, ப்ளூ கட் கண்ணாடிக்குப் பணம் எடுத்து வைத்திருந்தார்.

"கண்ணாடியும் போட்டு சரியாகலைன்னா, இந்த வேலையை விட்டுட்டுத் தையலுக்குப் போயிடலாம்னு இருக்கேன் தம்பி" என்றார். தையலுக்கும் கண்தானே வேண்டும் என்று கேட்க வாய் வரவில்லை.

அவருடைய அறையை முதலில் பார்ப்போம். ஏனென்றால், இந்த ஊரில் பாதி அறைகள் இப்படித்தான் இருக்கின்றன.

மாடிப் போர்ஷன். வடக்குப் பார்த்த பெரிய ஜன்னல். அதில் அருணாசல மலை முழுசாகத் தெரிகிறது. மலையைப் பார்த்துக்கொண்டே இருந்தால் வேலை ஓடாது, குரங்கு வேறு வரும் என்று ஜன்னலுக்கு முதுகு காட்டி மேசையைப் போட்டிருந்தார். நியாயமான காரணம்தான். ஆனால், முதுகுக்குப் பின்னால் இருக்கும் ஜன்னல் அப்படியே திரையில் பிரதிபலிக்கும். எழுத்துகளுக்கு நடுவே ஒரு வெள்ளைக் கட்டம் மிதந்துகொண்டே இருக்கும். அதைத் தாண்டிப் படிக்க நாம் கண்ணைச் சுருக்குகிறோம், கழுத்தை வளைக்கிறோம், பிரைட்னஸைக் கூட்டுகிறோம். அக்காவின் மானிட்டர் பிரைட்னஸ் 100-ல் நின்றது.

ஜன்னலுக்கு எதிரே உட்கார்ந்தாலும் ஆபத்துதான். நேர் வெயில் ஒரு லட்சம் லக்ஸ் வரை போகும், நம் வீட்டு அறைக்குள் இருப்பது சில நூறு லக்ஸ். திரைக்குப் பின்னால் பளீரென்ற வானமோ, வெயில் பட்ட எதிர்வீட்டு வெள்ளைச் சுவரோ இருந்தால், கண்மணி எதற்குச் சுருங்குவது, எதற்கு விரிவது என்று தெரியாமல் திண்டாடும். ஜன்னல் பக்கவாட்டில் இருக்க வேண்டும். அவ்வளவுதான் விதி.

மேசையைக் கால்வட்டம் திருப்பிப் போட்டோம். இப்போது ஜன்னல் அவருக்கு இடப்பக்கம்.

இதில் ரமணாசிரமம் பகுதிக்கு மட்டும் ஒரு கொடுப்பினை இருக்கிறது. ஆசிரமம் மலைக்குத் தெற்கே இருப்பதால், இங்கே மலை பார்த்த ஜன்னல் என்றால் அது வடக்கு ஜன்னல். வடக்கு வெளிச்சம் நாள் முழுக்கப் பெரிய ஏற்ற இறக்கம் இல்லாமல் வரும். ஓவியர்கள் வடக்கு ஜன்னலைத் தேடிப்போவது இதனால்தான். சித்திரை பாதியிலிருந்து ஆடி கடைசி வரை சூரியன் நம் தலைக்கு வடக்கே சாய்ந்து போகும், அப்போது காலையும் மாலையும் கொஞ்சம் வெயில் எட்டிப் பார்க்கலாம். அதற்குப் பழைய வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டினால் போதும். கடையில் வாங்கும் அடர்த்தியான திரைச்சீலையைவிட இது மேல், வெளிச்சத்தை அடைக்காமல் பரப்பிவிடும்.

கலிஃபோர்னியாவைச் சேர்ந்த கண் நிபுணர் ஜெஃப்ரி ஆன்ஷெல் பிரபலப்படுத்திய 20-20-20 விதியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடிக்கு அப்பால், 20 நொடி பார்ப்பது. சென்னை அபார்ட்மென்ட்டில் 20 அடி தூரத்துக்கு எங்கே போவது என்று புலம்புகிறோம். இங்கே 2,668 அடி உயர மலை ஜன்னலிலேயே நிற்கிறது.

ஃபேனுக்கு மேலே பல்பு!

இரவுக்கு வருவோம். அக்காவின் அறையில் உண்மையான வில்லன் அங்கேதான் இருந்தான்.

கூரையின் நடுவில் சீலிங் ஃபேன். அதன் பக்கத்திலேயே, இறக்கைக்குச் சற்று மேலே, கூரையோடு ஒட்டிய ஹோல்டரில் ஒரு எல்.இ.டி பல்பு. நிறைய வீடுகளில் எலெக்ட்ரீஷியன் இப்படித்தான் பாயின்ட் கொடுத்திருப்பார். ஃபேன் சுற்றும்போது ஒவ்வொரு இறக்கையும் பல்பை மறைத்து மறைத்து விலகும். கணக்குப் போடுங்கள். ஃபேன் நிமிடத்துக்கு 300 சுற்று என்றால் நொடிக்கு 5. மூன்று இறக்கை. நொடிக்கு 15 முறை மேசைமேல் வெளிச்சமும் நிழலும் மாறி மாறி விழுகிறது. மனிதக் கண் நன்றாகவே உணரும் வேகம் இது. பழகிப்போனதால் நாம் கவனிப்பதில்லை, ஆனால் தலைவலி கவனிக்கிறது. வெள்ளைத் தாளை மேசையில் வைத்து, ஃபேனை வேகமாக வைத்துப் பாருங்கள். தாள் படபடவென்று துடித்தால் பல்பை இடம் மாற்ற வேண்டும்.

அக்கா வீட்டில் அந்தப் பல்பை அணைத்துவிட்டு, பக்கச் சுவரில் ஏற்கெனவே இருந்து எரியாமல் கிடந்த டியூப்லைட் பாயின்ட்டில் புது எல்.இ.டி பேட்டன் போட்டார்கள். மொத்தச் செலவே அதுதான். ஒரே ஒரு 9 வாட் பல்பு 10-க்கு 10 அறைக்கு எப்படியும் பற்றாது. 20 வாட் பேட்டன் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வெளிச்சம் தரும். நிறம் என்று பார்த்தால், நம்மூரில் எல்லோரும் வாங்கும் நீலம் கலந்த 6500 கெல்வின் வெள்ளையைவிட, 4000 கெல்வின் மாலை வேலைக்கு இதமாக இருக்கும். இது ரசனை சார்ந்த விஷயமும்கூட.

அமெரிக்க நேரத்துக்கு வேலை பார்க்கிறவர்கள் ஒரு தப்பு செய்கிறார்கள். வீட்டில் மற்றவர்கள் தூங்குகிறார்கள் என்று எல்லா லைட்டையும் அணைத்துவிட்டு, இருட்டில் திரையை மட்டும் பார்ப்பது. திரைக்குப் பின்னால் சுவரைப் பார்த்து ஒரு சின்ன பல்பை எரியவிடுங்கள். வெளிச்சம் தூங்குகிறவர் மேல் விழாது, உங்கள் கண்ணுக்கும் திரைக்கும் சுவருக்கும் நடுவே தாவுகிற வேலை குறையும்.

தீபத்தைக் கும்பிடுகிற ஊர். அறை விளக்கைத்தான் யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை.

ஈர்க்குச்சி டெஸ்ட்

கண்ணுக்குத் தெரியாத துடிப்பும் உண்டு. நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பல்புக்குள் இருக்கும் சர்க்யூட் சரியில்லை என்றால், அந்த பல்பு நொடிக்கு 100 முறை மங்கி மங்கி எரியும். நேராகப் பார்த்தால் தெரியாது. ஆனால், மூளை ஓரளவு உணர்கிறது என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. 1989-ல் இங்கிலாந்தில் ஆர்னால்ட் வில்கின்ஸ் குழுவினர் ஓர் அலுவலகத்தில் பழைய சோக் டியூப்லைட்டையும், துடிப்பில்லாத எலெக்ட்ரானிக் சோக் டியூப்லைட்டையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார்கள். துடிப்பில்லாத விளக்கின் கீழ் தலைவலியும் கண் சோர்வும் பாதிக்கும் கீழே குறைந்தன. பழைய டியூப்லைட் அடியில் உட்கார்ந்து கணக்கு எழுதிய தாத்தாக்களின் தலைவலிக்கு இதிலும் ஒரு பங்கு இருந்திருக்கலாம்.

2015 ஜனவரியில் தொடங்கிய உஜாலா திட்டத்தில் மட்டும் 36 கோடிக்கும் மேற்பட்ட எல்.இ.டி பல்புகள் நாடு முழுக்கப் போயிருக்கின்றன. இன்று எல்.இ.டி இல்லாத வீடில்லை. நல்ல பல்பு துடிக்காது. பெயர் தெரியாத மலிவு பல்பு துடிக்கலாம். கண்டுபிடிக்கக் கருவி தேவையில்லை. இரவில் அந்த ஒரு லைட்டை மட்டும் எரியவிட்டு, விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவி, முகத்துக்கு முன்னால் வேகமாக ஆட்டுங்கள். மங்கலான விசிறி மாதிரித் தெரிந்தால் நல்ல பல்பு. தனித்தனிக் குச்சிகளாக, சீப்புப் பல் மாதிரித் தெரிந்தால் துடிக்கிறது என்று அர்த்தம். போனில் ஸ்லோ மோஷன் வீடியோ எடுத்தாலும் மாட்டிக்கொள்ளும்.

இதே ஈர்க்குச்சியைத் திரைக்கு முன்னாலும் ஆட்டிப் பாருங்கள். வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, பிரைட்னஸை முழுதாக வைத்து ஒருமுறை, 20-க்குக் குறைத்து ஒருமுறை. சில மானிட்டர்களும், ஓ.எல்.இ.டி திரை உள்ள பல போன்களும் வெளிச்சத்தைக் குறைப்பதற்கு ஒரு குறுக்குவழி வைத்திருக்கின்றன. விளக்கை வேகமாக அணைத்து அணைத்துப் போடுவது. குறைவாக எரிவதாக நாம் நினைப்போம். பல போன்களில் இந்த வேகம் நொடிக்கு 240. புது மாடல்கள் சிலவற்றில் 2,000, 3,000-க்கு மேல் உயர்த்தியிருக்கிறார்கள். வேகம் கூடக்கூடத் தொல்லை குறையும். எல்லோருக்கும் இது பிரச்னை கிடையாது. ஆனால், படுக்கையில் பிரைட்னஸை அடியோடு குறைத்துவைத்துப் பார்க்கும்போது மட்டும் உங்களுக்குத் தலை வலிக்கிறது என்றால், சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். சில போன்களில் டிஸ்பிளே செட்டிங்ஸில் 'டி.சி டிம்மிங்' அல்லது 'ஃபிளிக்கர்' என்ற பெயரில் இதைத் தவிர்க்க வழி இருக்கும். புது மானிட்டர் வாங்குகிறவர்கள் அட்டைப்பெட்டியில் 'ஃபிளிக்கர் ஃப்ரீ' என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்கலாம்.

இன்னும் நுணுக்கமாகப் போக ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு தகவல். மலிவு மானிட்டர்கள் பலவற்றில் திரை சொந்தமாகக் காட்டுவது சுமார் 2.6 லட்சம் நிறங்கள்தான். மீதியை, பக்கத்துப் பக்கத்து நிறங்களை மாற்றி மாற்றிக் காட்டி ஏமாற்றும். கிராஃபிக்ஸ் கார்டும் சில நேரம் இதையே செய்யும். விவரப் பட்டியலில் 1.67 கோடி நிறங்களுக்குப் பதில் 1.62 கோடி என்று போட்டிருந்தால் இந்த வகை என்று ஊகிக்கலாம். ரொம்பவும் கூருணர்வு உள்ள சிலர்தான் இதைப் பற்றிப் புகார் சொல்கிறார்கள். மற்றவர்கள் இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

தம்பியின் லேப்டாப், செகண்ட் ஹேண்ட் மானிட்டர்

அக்காவின் கம்ப்யூட்டரும் நம் மாநிலத்துக்கே உரிய கதைதான். 2011-ல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் அவருடைய தம்பிக்குப் பள்ளியில் கிடைத்த லேப்டாப், அதோடு இணைத்த 22 அங்குல செகண்ட் ஹேண்ட் மானிட்டர். லேப்டாப் திரையில் என்ன தெரிகிறதோ அதுவே மானிட்டரிலும் தெரியும்படி வைத்திருந்தார்.

இங்கேதான் அந்தப் 'பூச்சி பறக்கும்' எழுத்தின் ரகசியம். லேப்டாப் திரை 1366-க்கு 768 புள்ளிகள். மானிட்டர் 1920-க்கு 1080. இரண்டிலும் ஒரே காட்சி என்றால், பெரிய திரையும் சின்னத் திரையின் அளவுக்கே இறங்கிவரும். சின்னப் படத்தைப் பெரிதாக இழுத்தது மாதிரி, ஒவ்வோர் எழுத்தின் விளிம்பும் கசியும். அதை ஃபோகஸ் செய்ய முடியாது, ஏனென்றால் எழுத்தே மங்கல். கண் பாவம், தன் மேல்தான் தப்பு என்று நினைத்துத் திரும்பத் திரும்ப முயற்சி செய்யும். விண்டோஸ் பட்டனையும் 'பி' எழுத்தையும் சேர்த்து அழுத்தி, 'செகண்ட் ஸ்கிரீன் ஒன்லி' என்று மாற்றியதும் எழுத்து கத்தி மாதிரி நின்றது. ஒரு நிமிட வேலை. அக்கா கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, "இத்தனை மாசமா இதுதானா?" என்றார்.

டி.வி-யையே மானிட்டராகப் பயன்படுத்துகிறவர்களுக்கும் இதே மாதிரி ஒரு சிக்கல் உண்டு. படத்தை மெருகேற்றும் வேலைகளை டி.வி எழுத்துக்கும் செய்து, ஓரங்களில் சாயம் கசிந்த மாதிரிக் காட்டும். டி.வி மெனுவில் 'பி.சி மோட்' தேடிப் போடுங்கள்.

பிரைட்னஸுக்கு நான் பார்த்ததில் எளிய வழி, வெள்ளைத் தாள். திரைக்குப் பக்கத்தில் ஒரு ஏ4 தாளைப் பிடித்து, திரையில் வெள்ளைப் பக்கத்தைத் திறங்கள். தாளைவிடத் திரை விளக்கு மாதிரி பளிச்சிட்டால் குறையுங்கள். சாம்பல் பூத்த மாதிரி இருந்தால் கூட்டுங்கள். பகலுக்கு ஓர் அளவு, இரவுக்கு ஓர் அளவு. அக்காவின் 100, இரவில் 35-க்கு வந்தது.

திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே, ஒரு கை நீள தூரத்தில். புத்தகங்களை அடுக்கி மானிட்டரை உயர்த்துவது ஃபேஷனாகிவிட்டது, ஆனால் அளவுக்கு மேல் உயர்த்தினால் கண் காயும் என்பதை மேலேயே பார்த்தோம். பளபளப்பான திரை என்றால் வெள்ளைச் சட்டையைத் தவிர்த்துப் பாருங்கள். உங்கள் சட்டையே திரையில் பேய் மாதிரி தெரிந்துகொண்டிருக்கும்.

தமிழ் எழுத்துக்கு இடம் வேண்டும்

கம்ப்யூட்டர் திரை பற்றிய அறிவுரைகள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தை மனதில் வைத்துச் சொன்னவை. தமிழில் படிப்பவர்களுக்கு அது போதாது. 'ன', 'ண' இரண்டுக்கும் ஒரு சுழிதான் வித்தியாசம். துணைக்காலும் 'ர'வும் சில எழுத்துருக்களில் அச்சு அசல். ஒரு புள்ளி விட்டுப்போனால் 'கல்', 'கல' ஆகிவிடும். மேலே விசிறி, கீழே சுழி என்று வரிக்கு இரண்டு பக்கமும் எழுத்து நீள்கிறது. 12 அளவில் ஆங்கிலம் சுகமாகப் படிக்கலாம், அதே 12-ல் 'ணூ' ஒரு கறுப்புப் பொட்டு.

அதனால், தமிழ் டைப் செய்கிறவர்கள் வேர்டில் பக்கத்தை 140, 150 சதவிகிதத்துக்குப் பெரிதாக்கிக்கொள்ளுங்கள். தாளில் அச்சாகும் அளவு மாறாது. வரி இடைவெளி வேலை முடியும்வரை ஒன்றரை இருக்கட்டும். எழுத்துருவில் பழைய லதாவைவிட, நிர்மலா யூ.ஐ அல்லது கூகுளின் நோட்டோ சான்ஸ் தமிழ் திரையில் தெளிவாக இருக்கிறது என்பது என் கட்சி. அலுவலகத்தில் இதற்கு எதிர்க்கட்சியும் இருக்கிறது. விண்டோஸில் 'கிளியர்டைப்' என்று தேடினால், எழுத்தின் ஓரங்களைச் சீராக்கும் செட்டிங் வரும், சில படங்களில் எது தெளிவு என்று கேட்டு அதுவே சரிசெய்துகொள்ளும்.

டார்க் மோட்? வெளிச்சமான அறையில், வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்துதான் கண்ணுக்குத் தெளிவு என்று ஆய்வுகள் சொல்கின்றன. வெளிச்சத்தில் கண்மணி சுருங்குவதால் எழுத்து கூர்மையாகத் தெரியும். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து, குறிப்பாக சிலிண்டர் பவர் உள்ளவர்களுக்கு, ஓரத்தில் புகைந்த மாதிரி இருக்கும். இருட்டான பஸ்ஸில் போன் பார்க்க டார்க் மோட் சரி. பகலில் நாள் முழுக்க ப்ரூஃப் பார்க்க வேண்டாம்.

குழந்தைகள் விஷயம் தனிக் கட்டுரைக்குரியது. ஒன்றை மட்டும் சொல்லலாம். சீனாவின் குவாங்ஷோ நகரில் பள்ளியில் தினமும் கூடுதலாக 40 நிமிடம் வெளியில் இருக்க வைத்த குழந்தைகளில், மூன்று வருடத்தில் கிட்டப்பார்வை வந்தவர்கள் 30 சதவிகிதம். மற்ற குழந்தைகளில் 39.5 சதவிகிதம். 2015-ல் வந்த ஆய்வு. மலையடிவாரத்தில் குடியிருந்துகொண்டு பிள்ளையை வீட்டுக்குள் வைத்திருப்பதற்குக் காரணமே இல்லை.

அறையைச் சரிசெய்தும் தீராதது

அக்காவின் அறையில் எல்லாம் மாற்றிய பிறகும் ஒன்று பாக்கி இருந்தது. மாலையில் தாளில் இருக்கும் கையெழுத்துப் பிரதியைப் படிக்க, அவர் தாளைத் தூரமாகத் தள்ளிப் பிடித்தார். 40 வயதைத் தாண்டிய எல்லோருக்கும் வரும் வெள்ளெழுத்து. லைட்டை மாற்றி இதைத் தீர்க்க முடியாது, சாதாரணப் படிக்கும் கண்ணாடி வேண்டும். இதைச் சின்ன விஷயமாக நினைக்கக் கூடாது. அஸ்ஸாமில் 40 வயதுக்கு மேற்பட்ட தேயிலைத் தொழிலாளர்களுக்கு எளிய கண்ணாடி கொடுத்துப் பார்த்த ஆய்வில், அவர்கள் பறிக்கும் அளவு கண்ணாடி இல்லாதவர்களைவிட 21.7 சதவிகிதம் கூடுதலாக உயர்ந்தது. 2018-ல் 'லான்செட் குளோபல் ஹெல்த்' வெளியிட்டது. பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவருக்கு இதன் அர்த்தம் புரியும்.

இன்னொன்று, அவர் பயந்து தள்ளிப்போட்டது. சர்க்கரையால் விழித்திரை பாதிக்கப்படும்போது ஆரம்பத்தில் வலியோ எரிச்சலோ இருக்காது. கண் உறுத்துகிறது என்பதால் அது வந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது, உறுத்தவில்லை என்பதால் இல்லை என்றும் சொல்ல முடியாது. சர்க்கரை உள்ளவர்கள் வருடம் ஒருமுறை சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். குடும்பத்தில் சர்க்கரை உள்ளவர்கள் முதலில் ரத்தத்தைப் பரிசோதிக்க வேண்டும். இந்த ஊர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே இரண்டையும் பார்க்கலாம்.

திடீரென்று பார்வை மங்குவது, ஒரு பக்கம் திரை விழுந்த மாதிரி இருப்பது, மின்னல் வெட்டுவது, விளக்கைச் சுற்றி வானவில் வளையம், கடுமையான வலியோடு சிவப்பு... இதில் ஒன்று இருந்தாலும் மானிட்டரை ஆராயாமல் அன்றே டாக்டரிடம் போங்கள். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருந்தால், தொடர்ந்து போடும்போது கண் அழுத்தம் ஏறிப் பார்வையே போகலாம். தாய்ப்பால், தேன், விளக்கெண்ணெய் எதுவும் கண்ணுக்குள் வேண்டாம்.

கண்ணாடிக்குப் போகிறவர்கள் ஓர் இன்ச் டேப்பை எடுத்து, உட்கார்ந்த நிலையில் கண்ணுக்கும் திரைக்கும் உள்ள தூரத்தை அளந்து எழுதிக்கொண்டு போங்கள். பரிசோதிப்பவர் பொதுவாகப் புத்தகம் படிக்கும் தூரத்துக்குத்தான் பவர் பார்ப்பார். திரை அதைவிடத் தள்ளி இருக்கும். மேலே தூரத்துக்கும் கீழே கிட்டத்துக்குமான புரோகிரஸிவ் கண்ணாடி போட்டவர்கள், கீழ்ப்பகுதி வழியாகத் திரையைப் பார்க்க நாள் முழுக்க மோவாயைத் தூக்கிக்கொண்டே இருந்து கழுத்து வலியும் வாங்கிக்கொள்கிறார்கள். தூரத்தைச் சொன்னால் கம்ப்யூட்டருக்கென்று தனிப் பவர் எழுதித் தருவார்கள்.

அக்கா கொண்டுபோன சீட்டில் இரண்டு வரி இருந்தது. மானிட்டர் 62 சென்டிமீட்டர். பக்கத்தில் வைக்கும் கையெழுத்துப் பிரதி 45 சென்டிமீட்டர். ப்ளூ கட்டுக்கு எடுத்து வைத்த பணத்தில் கண்ணாடியும், ரத்தப் பரிசோதனையும், பேட்டன் லைட்டும் முடிந்தன. சர்க்கரை அளவு சரியாகத்தான் இருந்தது.